கடைசிப் பக்கம் பார்க்காமல் ஒரு பட்டியல்

போன ஆடி மாதம் ஒரு ராத்திரி மாடி அறையிலிருந்து ஒரு மாத நாவலை உருவி எடுத்துக்கொண்டு வந்து படுத்தேன். அட்டை புதுசாக இருந்தது. தலைப்பும் நான் கேள்விப்படாதது. இருபதாம் பக்கத்தில் பால்காரர் வந்து கதவைத் தட்டுகிறார். அவர் தட்டும்போதே உள்ளே எந்த அறையில் பிணம் கிடக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. யார் செய்தது என்பதும் தெரிந்துவிட்டது. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் வேறு அட்டையில், வேறு தலைப்பில் படித்த அதே கதை. விளக்கை அணைத்த பிறகும் வெகுநேரம் தூக்கம் வரவில்லை. மேலே எத்தனை புத்தகம் இருக்கிறது, அதில் எத்தனை உண்மையிலேயே படிக்காதது என்று எனக்கே தெரியாது. மறுநாள் காலையில் பட்டியல் வேலையைத் தொடங்கினேன். மார்கழி பிறப்பதற்குள் முடிந்தது. இதே மாதிரி மூட்டை மூட்டையாக வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்று, செய்ததை எழுதி வைக்கிறேன்.

பாதிப் புத்தகங்கள் எங்கள் ஊர் கோவையில் உக்கடம் பழைய புத்தகக் கடைகளில் வாங்கியவை. சென்னையில் வேலை பார்த்த ஆறு வருடமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் திருவல்லிக்கேணி பைகிராப்ட்ஸ் ரோடு நடைபாதைக் கடைகளுக்குப் போவேன். அங்கிருந்து வந்தது கால்வாசி. மிச்சம், எங்கள் பக்கத்து லெண்டிங் லைப்ரரி ஒன்றை மூடியபோது மூன்று சாக்கில் கட்டித் தூக்கி வந்தது. படித்து முடித்த புத்தகம் எங்கள் வீட்டில் தங்காது. அக்கா வீட்டுக்குப் போகும், அங்கிருந்து அவள் அலுவலகத் தோழிகளுக்குப் போகும். ஆகவே வீட்டில் இருப்பதெல்லாம் படிக்காதவை என்பது என் கணக்கு. அந்தக் கணக்கு தப்பு என்று பால்காரர் காட்டிக் கொடுத்துவிட்டார்.

எண்ணி முடித்தபோது 1,274 புத்தகங்கள். மாத நாவல்கள் 918, பதிப்பகங்கள் போட்ட புத்தகங்கள் 297, வார இதழ்களிலிருந்து தொடர்கதையைக் கிழித்து யாரோ பைண்டு பண்ணி வைத்தவை 59. எண்ணூறுக்குள் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஆரம்பிக்கும் முன் ஒரு விதி வைத்துக்கொண்டேன். சமையல் புத்தகத்தையோ கட்டுரைத் தொகுப்பையோ பட்டியல் போடும்போது எங்கே வேண்டுமானாலும் புரட்டலாம். மர்மக் கதையில் அது முடியாது. பின்பக்கத்தைப் புரட்டினால் கண் எங்காவது ஒரு பெயரில் விழுந்துவிடும், அப்புறம் அந்தப் புத்தகம் எனக்குப் போன மாதிரிதான். படிக்காத புத்தகத்தைப் படிக்காத புத்தகமாகவே பெட்டியில் வைக்க வேண்டும். அதனால் முன்னாலிருந்து நான்கு பக்கத்துக்கு மேல் போவதில்லை, பின்னாலிருந்து ஒரு வரிகூடப் பார்ப்பதில்லை. மற்ற முடிவுகள் எல்லாம் இதிலிருந்துதான் வந்தன.

முதல் வாரம் வீணானது. செல்போனில் ஒரு புத்தகச் செயலியை இறக்கி, பட்டைக் குறியீட்டைக் காட்டிக் காட்டிப் பார்த்தேன். 297 பதிப்பகப் புத்தகங்களில் 183க்குத்தான் ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேசப் புத்தக எண் இருந்தது. என்னிடம் இருந்த மாத நாவல் எதிலும் அது கிடையாது. நூலகத்தில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் டூயி எண், அதாவது நூலகங்களில் புத்தகத்தைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் எண், போடச் சொன்னார். தமிழ் இலக்கியத்துக்கு 894.811, அதில் புனைகதைக்கு 894.8113. போட்டுப் பார்த்தால் என் புத்தகம் அத்தனைக்கும் ஒரே எண்தான் வருகிறது. பொது நூலகத்துக்கு அது சரி, ஒரே வகைப் புத்தகம் மட்டும் வைத்திருப்பவனுக்கு அதில் பயன் இல்லை. கடைசியில் 0001 என்று தொடங்கி, கையில் வந்த வரிசையிலேயே ஓடும் எண் கொடுத்தேன். உள் அட்டைக்கு அடுத்த தாளின் மேல் மூலையில் 2பி பென்சிலால், அழுத்தாமல். பேனா வேண்டாம். ஸ்டிக்கர் வேண்டவே வேண்டாம். அதன் பசை சில வருடத்தில் பழுப்பாகிக் காகிதத்தைக் கறையாக்கிவிடும்.

மாத நாவலில் இன்னொரு சிக்கல், ஒரு இதழுக்குள் இரண்டு கதை இருக்கும். அட்டையில் பெரிய கதையின் பெயர், உள்ளே 'இலவச இணைப்பு' மாதிரி இன்னொன்று. அப்படி 117 இதழ்கள். கணினி அட்டவணையில் ஒரே ஷீட்டில் எல்லாவற்றையும் எழுதப் பார்த்து, இருநூறு வரி தாண்டியதும் குழம்பிவிட்டது. பிறகு இரண்டு ஷீட் ஆக்கினேன். ஒன்று புத்தகத்துக்கு: எண், பெட்டி, இதழ் அல்லது பதிப்பகம், மாதம், ஆண்டு, நிலைமை. இன்னொன்று கதைக்கு: தலைப்பு, ஆசிரியர், துப்பறிபவர், எந்தெந்த எண்ணுள்ள புத்தகங்களில் இருக்கிறது, படித்த தேதி. கையில் பிடிக்கும் காகிதம் வேறு, அதற்குள் இருக்கும் கதை வேறு என்று பிரித்த பிறகு எல்லாம் ஒழுங்காக ஓட ஆரம்பித்தது. யாராவது இந்த வேலையை ஆரம்பிப்பதாக இருந்தால் முதல் நாளே இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்.

இப்போது பால்காரர் விஷயம். தலைப்பு மாறி வந்த கதையை எப்படிக் கண்டுபிடிப்பது? அட்டை உதவாது, தலைப்பு உதவாது, பின்னால் புரட்டவும் கூடாது. இதற்கு வழி கிடைத்தது அம்மாவின் அலமாரியில் இருந்த குறுந்தொகைப் பதிப்பில். அதன் பின்னால் பாட்டு முதற்குறிப்பு அகராதி என்று ஒன்று இருக்கும். சங்கப் பாட்டுகளுக்குத் தலைப்பு கிடையாது. பாட்டின் முதல் சீர்களை அகர வரிசையில் அடுக்கி வைத்திருப்பார்கள், அதை வைத்துத் தேடிக்கொள்ளலாம். என் கதைகளுக்குத் தலைப்பு இருக்கிறது, ஆனால் நம்ப முடியாத தலைப்பு. அப்படியானால் இவற்றுக்கும் முதற்குறிப்புப் போட்டால் என்ன என்று தோன்றியது.

கதை ஷீட்டில் ஒரு பத்தி சேர்த்தேன்: முதல் எட்டுச் சொற்கள், அச்சில் உள்ளபடியே. மறுபதிப்பில் தலைப்பு மாறும், அட்டை மாறும், சில சமயம் பாத்திரத்தின் ஊர்கூட மாறும். முதல் வாக்கியத்தில் யாரும் கை வைப்பதில்லை என்பது என் அனுபவம். எல்லாவற்றையும் தட்டி முடித்து அந்தப் பத்தியை அகர வரிசைப்படுத்தினேன். ஒரே மாதிரித் தொடங்கும் வரிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன. தலைப்பு மாறி வந்த ஜோடிகள் 23. தலைப்பும் ஒன்றாகவே இருந்து தெரியாமல் இரண்டாவது முறை வாங்கியவை 48. அது போக, முதல் வரியைத் தட்டும்போதே "இதைப் படித்திருக்கிறேன்" என்று உறைத்த கதைகள் 31. இதற்கெல்லாம் கதையின் வாசலைத் தாண்டி ஓர் அடிகூட உள்ளே போகவில்லை.

பெயர்களில்தான் பொறுமை வேண்டியிருந்தது. எங்கள் ஊர்க்காரரான ராஜேஷ்குமார் ஆயிரத்தைந்நூறு நாவலுக்கு மேல் எழுதியவர். என் பெட்டிகளில் அதிகம் இருப்பதும் அவர்தான். அவர் பெயரையே சில அட்டைகளில் நடுவில் இடைவெளி விட்டும் சிலவற்றில் விடாமலும் போட்டிருக்கிறார்கள். கணினிக்கு இரண்டும் வேறு வேறு ஆள். சுபா என்பது ஒருவர் அல்ல, சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இருவர். புஷ்பா தங்கதுரையும் ஸ்ரீவேணுகோபாலனும் ஒருவரே. அதனால் ஆசிரியருக்கு இரண்டு பத்தி: 'அச்சில் உள்ளபடி' ஒன்று, 'ஒரே பெயராக' ஒன்று. துப்பறிபவர் பத்தியில் கணேஷ்-வசந்த், விவேக்-ரூபலா, பரத்-சுசீலா, நரேந்திரன்-வைஜயந்தி, சங்கர்லால் என்று நிரப்பும்போது மனசு நிறைந்திருந்தது. மழை நாளில் யாரோடு உட்காரலாம் என்று இனி அதைப் பார்த்தே முடிவு செய்யலாம்.

பாதி வழியில் ஒரு நாள் தேடல் பெட்டியில் 'கொலை' என்று தட்டினேன். 61 தலைப்பு வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. கண்ணால் ஓட்டிப் பார்த்தால் இன்னும் பத்துப் பதினைந்து 'கொலை' தேடலில் சிக்காமல் நிற்கிறது. ஒரு முழு மாலை இதற்கே போனது. காரணம் 'கொ' என்ற எழுத்து. யூனிகோடில் அதை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஒகரக் குறியை முழுதாக ஒரே குறியீடாக வைப்பது ஒரு வழி, ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாக இரண்டு குறியீடாக வைப்பது இன்னொரு வழி. திரையில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். நான் சிலவற்றைக் கணினியில் தட்டினேன், சிலவற்றைப் படமெடுத்துச் செல்போனில் எழுத்தாக மாற்றி ஒட்டினேன். அங்கேதான் கலந்துவிட்டது. 'ஸ்ரீ'யிலும் இதே தொல்லை. 'ஸ'வை வைத்து எழுதியதும் 'ஶ'வை வைத்து எழுதியதும் பார்வைக்கு ஒன்றாகத் தெரியலாம், தேடினால் ஒன்றுக்கு மற்றது கிடைக்காது. 'கௌரி' என்று எழுத வேண்டிய இடத்தில் கொம்புக்குப் பின்னால் 'ள'வைப் போட்டு எழுதியவையும் சில. மூன்றையும் தேடி-மாற்று வசதியில் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். தட்டச்சு முடிந்ததும் எல்லாரும் இதைச் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் இருக்கும் புத்தகத்தையே இல்லை என்று நினைத்து மறுபடி வாங்குவோம்.

வரிசையும் அப்படித்தான். முதலில் பயன்படுத்திய செயலி எழுத்துகளை அவற்றின் குறியெண் வரிசையில் அடுக்கியது. அதில் 'மனசு' முதலில் வந்து 'மரணம்' பின்னால் வரும். நம் அகராதி வரிசையில் 'ர'வுக்குப் பிறகுதான் 'ன'. அந்தச் செயலியில் 'ஜன்னல்' போய் 'ச'வுக்கும் 'ஞ'வுக்கும் நடுவில் நிற்கும். லிப்ரே ஆபிஸ் கால்க்கில் வரிசைப்படுத்தும்போது மொழியைத் தமிழ் என்று தேர்ந்தெடுத்தால் இந்தக் குறை தீர்ந்தது.

ஆண்டு கண்டுபிடிப்பது நான் மிகவும் ரசித்துச் செய்த வேலை. மாத நாவலின் உள் அட்டையில் மாதமும் வருடமும் இருக்கும். ஆனால் லெண்டிங் லைப்ரரியில் அட்டையைக் கிழித்துவிட்டுக் காக்கி அட்டை போட்டுத் தைத்துவிடுவார்கள். அட்டையோடு தேதியும் போயிருக்கும். மிச்சம் இருப்பதிலிருந்து துப்பறிய வேண்டியதுதான். முகவரியில் ஆறு இலக்கப் பின்கோடு இருந்தால் 1972 ஆகஸ்டுக்குப் பிந்தையது, ஏனென்றால் அந்தச் சுதந்திர தினத்தன்றுதான் பின்கோடு வந்தது. வெறும் 'சென்னை-17' என்று இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது, பிற்பாடும் அப்படி எழுதியிருக்கிறார்கள். எழுத்து வடிவம் இன்னொரு தடயம். லை, னை எல்லாம் பழைய துதிக்கைக் கொம்போடும், ணா, றா, னா சுழித்த வடிவத்திலும் இருந்தால் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையதாக இருக்கலாம். அரசாணை வந்த மறுநாளே எல்லா அச்சகமும் அச்செழுத்தை மாற்றியிருக்காது என்பதால் அதை 'சுமார்' என்றே எழுதினேன். லாட்டரிச் சீட்டு விளம்பரம் இருந்தால் 2003க்கு முந்தையது, அந்த ஜனவரியில்தான் தமிழ்நாட்டில் லாட்டரி தடையானது. சென்னைத் தொலைபேசி எண் ஆறு இலக்கமா, ஏழா, எட்டா என்பது முன்பின் வரிசை சொல்லும். பத்து இலக்க ஐஎஸ்பிஎன் மட்டும் இருந்தால் 2007க்கு முந்தையது என்று எடுத்துக்கொண்டேன். 'ஆண்டு எப்படித் தெரிந்தது' என்று தனிப் பத்தியே வைத்து 'அச்சில்', 'பின்கோடு', 'எழுத்து', 'விளம்பரம்' என்று எழுதினேன். நாளைக்கு நானே சந்தேகப்பட்டால் திரும்பிப் பார்க்க அது வேண்டும்.

பைண்டு பண்ணிய தொடர்கதைகளில் தேதியே இருக்காது, இதழின் பெயர்கூட ஓரத்தோடு வெட்டுப்பட்டிருக்கும். ஆனால் கதை அச்சான தாளின் மறுபக்கத்தில் அந்த வாரத்து விஷயம் ஏதாவது மாட்டியிருக்கும். பாதி சினிமா விளம்பரம், ஒரு கேள்வி பதில், ஒரு சோப்பு விலை. 'இன்று முதல்' என்று ஒரு படத்தின் விளம்பரம் இருந்தால் போதும், வருடம் கிடைத்துவிடும். 59இல் 44க்கு இப்படிக் கிடைத்தது. இந்தத் தொகுப்புகளை யார் வாரா வாரம் பத்திரப்படுத்தி, அளவாக வெட்டி, பைண்டரிடம் கொடுத்து, முதுகில் சிவப்புத் துணி ஒட்டி வாங்கினார்களோ தெரியாது. ஒன்றில் முதல் பக்கத்தில் ஒரு பெண்ணின் கையெழுத்தில் 'மூன்றாம் வாரம் கிடைக்கவில்லை' என்று எழுதியிருக்கிறது. அந்தக் குறிப்பை அப்படியே என் பட்டியலிலும் எழுதிக்கொண்டேன்.

இனி முக்கியமான இடம். பழைய மர்ம நாவலில் பெரும்பாலும் காணாமல் போவது கடைசித் தாள். நூற்று ஐம்பது பக்கம் படித்துவிட்டு, எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்துத் துப்பறிபவர் பேச ஆரம்பிக்கும் இடத்தில் தாள் இல்லை என்றால் எப்படி இருக்கும் என்று இந்த மாதிரிப் புத்தகம் வாங்குகிறவர்களுக்குத் தெரியும். ஆகவே முழுமையாக இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். பார்க்கவும் கூடாது.

நடுவில் பின் அடித்த மாத நாவல்கள் 640. இவற்றுக்கு நல்ல வழி ஒன்று இருக்கிறது. புத்தகத்தைச் சரி நடுவில், பின் தெரியும் இடத்தில் திறக்க வேண்டும். இடது பக்க எண் 48, வலது 49 என்றால் மொத்தம் 96 பக்கம். நடுப் பக்க எண்ணை இரட்டித்தால் மொத்தம் வந்துவிடும், கடைசிப் பக்கம் போக வேண்டியதில்லை. அதோடு, இந்தப் புத்தகங்களில் ஒவ்வொரு தாளும் மடித்துச் செருகியது. 1, 2 உள்ள தாளும் 95, 96 உள்ள தாளும் ஒரே காகிதம். பின்னால் ஒரு தாள் கிழிந்து போயிருந்தால் முன்னால் அதன் ஜோடி பிடிப்பில்லாமல் ஆடும். முன்பக்கத்தை விரலால் மெல்ல இழுத்துப் பார்த்தாலே பின்பக்கத்தின் கதி தெரிந்துவிடும். ஜோடியாகவே கழன்று போயிருந்தால் புத்தகம் 3ஆம் பக்கத்தில் தொடங்கும். சில இதழ்களில் அட்டையையும் சேர்த்துப் பக்க எண் போட்டிருப்பார்கள், அப்போது கணக்கு இரண்டு நான்கு தள்ளிப் போகும். நாலைந்து புத்தகம் பார்த்தால் கைக்குப் பழகிவிடும்.

பக்கவாட்டில் பின் அடித்தவை, ஒட்டியவை, பைண்டு பண்ணியவை இந்த வழிக்கு வராது. அவற்றுக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்துக்கொண்டேன். கடைசிப் பக்கத்தை முழுக்க அட்டையால் மூடி, அட்டையைக் கீழிருந்து மேலாக மில்லிமீட்டர் மில்லிமீட்டராகத் தள்ள வேண்டும். முதலில் வெற்றுக் காகிதம் தெரியும், இல்லாவிட்டால் ஒரு விளம்பரம். அப்புறம் நடுவில் 'முற்றும்' என்ற சொல்லின் அடிப்பாகம் எட்டிப் பார்க்கும். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். இரண்டு புத்தகத்தில் கை வழுக்கிக் கடைசி வரி தெரிந்துவிட்டது. அதில் ஒன்று பாதகமில்லை, நாயகனும் நாயகியும் காரில் ஏறிப் போகிறார்கள். மற்றதில் கைவிலங்கு மாட்டப்பட்டவரின் பெயர் இருந்தது. அன்றைக்கு வேலையை நிறுத்திவிட்டேன்.

அன்று சாயங்காலம் அம்மா தானே கேட்டார், "அதை நான் பாத்துக் குடுத்தா ஆகாதா கண்ணு?" அம்மாவுக்கு எழுபத்தாறு வயது. மணமான புதிதில் லெண்டிங் லைப்ரரி புத்தகத்தை அடுப்படியில் வைத்துப் படித்தவர். அன்றிலிருந்து முடிவைப் பார்க்கும் வேலை அவருடையது. தினமும் மதியம் காபி முடிந்ததும் இருபது புத்தகம் கொண்டுபோய் வைப்பேன். ஒவ்வொன்றின் கடைசி நான்கைந்து பக்கத்தையும் படித்து, உள்ளே ஒரு துண்டுச் சீட்டு வைப்பார். 'உள்ளது' அல்லது 'இல்லை', அவ்வளவுதான் எழுத வேண்டும் என்று ஏற்பாடு. வாசகர்கள் ஓரத்தில் "இவன்தான் கொலைகாரன்" என்று எழுதி வைத்திருந்தால் அந்த இடத்துக்கு ஒரு காகிதத்தை மடித்துச் செருகிவிடுவார். லெண்டிங் லைப்ரரிப் புத்தகங்களில் இது நிறைய உண்டு. பாத்திரத்தின் பெயருக்குக் கீழே இரண்டு கோடு போட்டு, அம்புக்குறி வேறு. மூன்று மாதம் ஒரு பெயர் அம்மா வாயிலிருந்து வரவில்லை. சில புத்தகத்தை மட்டும் திருப்பிக் கொடுக்கும்போது, "இத மொதல்ல படி" என்பார். அப்படிச் சொன்னவற்றுக்குப் பட்டியலில் ஒரு நட்சத்திரம் போட்டேன். இதுவரை 37 நட்சத்திரம்.

பராமரிப்பு வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மாத நாவல்கள் பெரும்பாலும் செய்தித்தாள் காகிதம். மரக்கூழில் உள்ள லிக்னினால் அது தானாகவே பழுப்பாகி நொறுங்கும், வெளிச்சம் பட்டால் இன்னும் சீக்கிரம். நிறுத்த முடியாது, இருட்டிலும் உலர்ந்த இடத்திலும் வைத்துத் தாமதப்படுத்தலாம். சாக்கு மூட்டையில் வந்தவற்றில் ராமபாணப் பூச்சி இருந்தது. அந்தப் புத்தகங்களைக் காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் போட்டு, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீஸரில் இரண்டு வாரம் வைத்தேன். வெளியே எடுத்ததும் பையைத் திறக்கக் கூடாது, ஒரு நாள் முழுக்க அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் காகிதத்தில் ஈரம் கோத்துக்கொள்ளும்.

துருப்பிடித்த பின்களை எடுப்பதில் அவசரம் கூடாது. நடுப்பக்கத்தைத் திறந்து, மடிந்த கால்கள் இரண்டையும் மெல்லிய கத்தி முனையால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக நேராக இழுக்க வேண்டும். துரு காகிதத்தோடு ஒட்டியிருந்தால் கத்தி முனையை லேசாக ஆட்டினால் பொடியாக உதிரும், பெயின்ட் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். அப்புறம் அதே இரண்டு ஓட்டை வழியாகப் பருத்தி நூலை உள்ளிருந்து வெளியே, வெளியிலிருந்து உள்ளே கொண்டுவந்து நடுவில் முடிச்சுப் போட்டால் போதும். புது ஓட்டை போட வேண்டாம். இப்படி 112 புத்தகம் தைத்தேன். செல்லோ டேப் மட்டும் எங்கும் ஒட்டாதீர்கள். முன்பு யாரோ ஒட்டியது மஞ்சள் கண்ணாடி மாதிரி இறுகி, எழுத்தையே மறைத்து நிற்பதைப் பக்கம் பக்கமாகப் பார்த்துவிட்டேன்.

அடுக்குவதற்கு ஜெராக்ஸ் கடையிலிருந்து ஏ4 தாள் பெட்டிகள். நடுப்பின் அடித்த புத்தகத்துக்கு முதுகே கிடையாது, நிறுத்தி வைத்தால் தலைப்பு தெரியாது. அதனால் ஒவ்வொன்றிலும் எண் எழுதிய வெள்ளைச் சீட்டு ஒன்றை ஒரு விரற்கடை வெளியே நீட்டிக்கொண்டு இருக்கும்படி வைத்தேன். ஒரு பெட்டியில் இரண்டு வரிசை, அறுபது புத்தகம் வரை. இறுக்கி அடைத்தால் எடுக்கும்போது அட்டை கிழியும். அட்டைப் படங்களை ஜன்னல் பக்கம் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்து, படத்தின் பெயராக அதே நான்கு இலக்க எண்ணைக் கொடுத்தேன்.

ஆக, கதைகள் 1,320. படித்தது என்று தெரியவந்த 31 போக, 1,289 நான் இன்னும் படிக்காதவை. முடிவு இல்லாதவை, நடுவில் தாள் போனவை சேர்த்து 88 புத்தகம். அவற்றில் பதினொன்றை அம்மா முன்பே படித்திருக்கிறார். ஒன்றைத் திருப்பிக் கொடுக்கும்போது, "இதுல கடைசித் தாளு இல்ல கண்ணு. ஆனா யாருன்னு எனக்கு ஞாபகம் இருக்குது, சொல்லட்டுமா?" என்றார். "வேண்டாங்கம்மா" என்றேன். மறுநாள் பார்த்தால் அந்தப் புத்தகத்துக்குள் நான்காக மடித்து ஓரம் ஒட்டிய ஒரு தாள். முடிவைத் தன் கையால் எழுதி வைத்திருக்கிறார். மற்ற பத்துக்கும் அப்படியே செய்துவிட்டார். பட்டியலில் அந்தப் பதினொன்றின் குறிப்புப் பத்தியில் 'கடைசித் தாள் இல்லை. அம்மா எழுதியது உள்ளே' என்று இருக்கிறது.

மற்ற 77க்கும் தலைப்பு, ஆசிரியர், முதல் வரி மட்டும் எடுத்து நான்கு பக்கத்தில் அச்சிட்டு, உக்கடம் போகும்போது சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை கடையின் கீழ் அடுக்கில் ஒரு மாத நாவல் அகப்பட்டது. தலைப்பு பட்டியலில் இல்லை. முதல் பக்கத்தைத் திறந்து படித்தேன், எட்டுச் சொல்லும் 0219க்கு ஒத்துப்போனது. கல்யாணப் பத்திரிகை அட்டையை வீட்டில் விட்டு வந்திருந்தேன், கடைக்காரரிடமே ஒரு அட்டைத் துண்டு கேட்டு வாங்கி, நின்றபடியே கடைசிப் பக்கத்தை மூடி, கீழிருந்து மெல்லத் தள்ளினேன். 'முற்றும்' இருந்தது. முப்பது ரூபாய் கொடுத்து வாங்கி வந்தேன்.